பாத்துமுத்து என்றால் என்ன

ஊரில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பெயருக்குப் பொருள் கேட்டு எனக்குத்தான் அழைப்பு வரும். அலுமாரியில் அறபு அகராதி வைத்திருந்த குற்றத்துக்கான தண்டனை. போன மாதம் என் மகளுக்கே பெண் பிறந்தது. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைக்க வேண்டும். கைப்பேசியில் கண்ட பெயரையெல்லாம் மகள் கேட்டாள், நானும் சொன்னேன். பாதிக்கு மேல் பெயர்களுக்குப் பொருள் வெளிச்சம், மீதிக்குச் சுவர்க்கத்துத் தண்ணீர். களைத்துப்போய் என் அக்கா, ராத்தா வீட்டுக்கு பிளேன்டீ குடிக்கப் போனேன்.

ராத்தாவின் பெயர் பாத்துமுத்து. கல்முனைப் பக்கம் இப்போது யாரும் வைக்காத பெயர். அவருக்குப் பிள்ளை இல்லை. தன் பெயரை என் பேத்திக்கு வைக்க வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தார். மகளோ, "அர்த்தமில்லாத பழைய பேர்" என்று முடித்துவிட்டாள். அது ராத்தாவின் காதுக்கும் போயிருந்தது.

"ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்றாய். எண்ட பேருக்கு என்னடா அர்த்தம்?"

"முத்து எண்டா முத்துதான் ராத்தா. நம்மட தமிழ்."

"அது எனக்கும் விளங்கும். முன் பாதியச் சொல்லு."

"பாத்திமா. நபிகள்ட மகள்ட பேர்."

"அது மதரசாப் பிள்ளையும் சொல்லும். அர்த்தத்தக் கேட்டன்."

பிள்ளை பெறாத ஒருத்தியிடம் சொல்லக்கூடிய பொருளா அது? பிளேன்டீயும் முடிந்திருந்தது; முகத்தை மறைக்கக் கோப்பைகூட உதவவில்லை.

"பிள்ளைக்குப் பால் மறக்கப் பண்ணினவ" என்றேன்.

ராத்தா சீனிப் போத்தலை மூடினார்.

"உண்ட மகளுக்குப் பால் மறக்கப் பண்ணினது ஆரு?"

என் மனைவி இரண்டாவது பிள்ளையைச் சுமந்த காலம். மூத்தவளான இந்த மகள் உம்மாவின் மடியை விடமாட்டாள். ராத்தாதான் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார். தன் பக்கத்தில் படுக்க வைத்து, கத்தக் கத்தச் சோறு ஊட்டி, பாலை மறந்த பிறகுதான் திருப்பித் தந்தார்.

"நீங்கதான்."

"அப்ப அர்த்தம் இரிக்கி."

"ஓம். மகளிட்டச் சொல்லுறன் ராத்தா. அந்தப் பேரையே வைக்கட்டும்."

"வேணாம். அது எண்ட பேரு. அவள்ட பிள்ளைக்கு வேற தேடு."

கோப்பையைக் கழுவக் குசினிக்குப் போய்விட்டார். வெயிலில் திரும்பி நடந்தேன். வழியிலேயே மகள் இன்னும் சில பெயர்கள் அனுப்பியிருந்தாள். எல்லாம் வெளிச்சம்.