கன்னத்தில் படர்ந்த சிவப்பு

2003-ம் வருடம். திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம், பத்து நாளில் கல்யாணம் என்று ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தார். பௌர்ணமிக்கு வெயில் தாழும் முன்பே கிரிவலம் கிளம்பியதில் முகம் சிவந்துவிட்டதாம். பிளீச் போட்டு வெள்ளையாக்கித் தரவேண்டுமாம்.

முகத்தைத் துடைத்துவிட்டு விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு சிவப்பு. இதே சிவப்பு என் தங்கைக்கு வந்தபோது, எல்லாம் எனக்குத் தெரியும் என்ற மிதப்பில் நாலு மாதம் கிரீமும் ஃபேஸ் பேக்கும் போட்டுத் தள்ளியவள் நான். கால் வீங்கிய பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். லூபஸ் என்றார்கள். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம்மையே தாக்குகிற நோய். அதற்குள் சிறுநீரகம் பாதி கெட்டிருந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா எங்கள் குடும்பத்தையே உட்கார வைத்து, இதை ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கேட்கக் கேட்க என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கல்யாணப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். காலையில் விரல் மடக்க முடியவில்லையா, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதா, வாய்ப்புண், அடிக்கடி காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் பிளீச் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

"இது லூபஸ்னு ஒரு நோயா இருக்கலாம்மா, வேற எதுவாவும் இருக்கலாம். ஆனா ரத்தமும் யூரினும் டெஸ்ட் பண்ணாம நான் முகத்துல கை வைக்க மாட்டேன்."

"கல்யாணப் பொண்ணைப் பாத்துப் பேசுற பேச்சா இது? வாய கழுவு" என்று தெருவே கேட்கத் திட்டிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனார் அம்மா. எனக்கும் பிடிவாதம் ஜாஸ்தி. பின்னாலேயே ஓடி, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் கிறுக்கி, ஆட்டோவில் ஏறிய பெண்ணின் கையில் திணித்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். சீட்டைப் படித்த பெண் பிடிவாதமாக டாக்டரிடம் போயிருக்கிறாள். லூபஸேதான். சிறுநீரகத்தில் அப்போதுதான் ஆரம்பமாம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றாராம் டாக்டர். மாப்பிள்ளை வீட்டில் மறைக்காமல் சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நானும்தான்.

நோய் கட்டுக்குள் வந்தபின், டாக்டர் சம்மதத்தோடு அடுத்த வருடம் கல்யாணம். அலங்காரத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். மண்டபத்தில் அந்த அம்மா, சம்பந்தியம்மாவைக் கூட்டி வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இவங்க சொல்றத நல்லா கேட்டுக்குங்க. இனி நீங்கதானே பாத்துக்கணும்."

சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: வெயிலில் அலையவிடாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், சிறுநீர் நுரைத்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார்.

என் தங்கை விஷயத்தில் நான் செய்த தப்பின் காயம் ஆறப்போவதில்லை. ஆனால் அந்தத் தப்பில் கற்றது ஒரு பெண்ணுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்ததே, அதில் எனக்கு இன்றைக்கும் தலை நிமிர்கிற பெருமை.