அடி ஃபைலில் என் பெயர்

வெப்சைட் ஒழுங்காக ஓடும்வரை அதைக் கட்டியவன் ஒருவன் இருக்கிறான் என்பதே யாருக்கும் ஞாபகம் வராது; இந்தத் தொழிலில் கிடந்து அவதிப்படும் உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

தகரத் தகடு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பசறைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் சாக்குகளுக்குப் பெயர் அடித்தேன். எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வைத்து மை பூசினால் தோட்டத்தின் பெயர் எல்லாச் சாக்கிலும் ஒரே மாதிரி விழும். நம்பர் மட்டும் மாறும். பிற்காலத்தில் போனில் வீடியோ பார்த்து வெப்சைட் பழகியபோது, 'அட, இது நம்ம தகடுதானே!' என்று துள்ளிக் குதித்தேன்.

ஒருநாள் ஒரு சாக்கின் மூலையில் ஆசையாக 'ராசையா' என்று என் பெயரையும் எழுதிவிட்டேன். பெக்டரிக் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் மாணிக்கம் எல்லார் முன்னாலும் என் கையாலேயே அதை அழிக்க வைத்தார். இருபது வருஷமாகிறது. மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை. அவர் சொன்னது: "டேய் தகடு, உனக்கெல்லாம் எதுக்குடா பேரு?"

கோழிக்கடையில் விரதம்

இப்போது பதுளையில் எனக்குப் பதினொரு வாடிக்கையாளர்கள். பக்கத்தின் மேலே வருவதற்கு அவரவருக்கு ஒரு ஃபைல். அடியில் வருவதற்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஃபைல். எந்தப் பக்கம் திறந்தாலும் அந்த அடி ஃபைலைத் தானாக இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதில் 'அமைத்தவர்: ராசையா' என்றும் என் நம்பரும் இருக்கும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். சுகமான வேலை.

தேர்த் திருவிழா முடியும்வரை தங்கள் வெப்சைட்டின் எல்லாப் பக்கத்திலும் ஒரு வரி போடச் சொன்னார்கள் கோயில் கமிட்டியார். அடி ஃபைலில் போட்டேன். பத்து நிமிஷத்தில் கோழிக்கடை செல்வம் போனில் கத்தினார்: "அண்ணே, கோழி படத்துக்குக் கீழேயே 'மாமிசம் தவிர்ப்பீர்'னு போட்டிருக்கீங்களே, நான் என்ன கடையில பஜனையா பாடுறது?"

மண்டபம்

போன மாதம் மாணிக்கமே வந்து நின்றார். கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறாராம். எந்த நாள் காலி என்று காட்டும் வெப்சைட் வேண்டுமாம். கட்டிக் கொடுத்தேன். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர் என் பெயரில் நின்றார். "இதை எடுத்துரு, தகடு."

வந்த ஆத்திரத்தில் கோழிக்கடையில் பட்டதும் மறந்துபோய், அந்தப் பொது ஃபைலிலேயே அழித்தேன். ஊர் முழுக்க என் பெயர் போய்விட்டது. முதல் போன் செல்வத்திடமிருந்து: "அண்ணே, பேரைக் காணோமே... உசுரோடதானே இருக்கீங்க?"

திட்டுவதற்கு ஒரு ஆள்

மற்றவர்களுக்குப் பெயரைத் திரும்பப் போட்டு, மண்டபத்துக்கு மட்டும் தனி அடி ஃபைல் கொடுத்தேன். அதில் மாணிக்கத்தின் நம்பர் மட்டும். நாள் பதிவதை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்துக்கொண்டார், ஒரே முகூர்த்தத்தை இரண்டு கல்யாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்! இரண்டு வீட்டாரும் மாறி மாறி அவரை வறுத்தெடுத்தார்கள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். தகடு எங்கே போனதோ தெரியவில்லை: "தம்பி ராசையா, உங்க பேரை அடியில போட்டுருங்க. திட்டுறவங்களுக்குக் காட்ட ஒரு பேரு வேணும்ல?"

பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன், பக்கத்தில் நம்பரை மட்டும் அவருடையதாகவே விட்டேன். இருபது வருஷக் கோபத்தை வைக்க ஒரு சின்ன ஃபைல் போதும்.