காலர் பரிசோதனை

கீழே பட்டறையில் யாரோ வெல்டிங் வைக்கிறார்கள். அந்தக் கருகிய இரும்பு வாடை மாடிக்கு ஏறி வந்ததும், வரைந்து முடித்துப் பேனாவைக் கழுவப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் நான் படித்த பள்ளிக்கூடம் முழுக்க இந்த வாடைதான். இன்று அது ஏதோ கம்பெனியின் குடோன். ஒழியட்டும்.

பக்கத்து ஆலை துப்பிய கரித்தூள் பெஞ்சு, சாக்பீஸ், டிபன் பாக்ஸ் என்று பாரபட்சமில்லாமல் படிந்துகொண்டிருக்க, எங்கள் கணக்கு டீச்சரோ தலைக்கு மேல் புகைகிற புகைபோக்கியை விட்டுவிட்டு, தினமும் பிரேயரில் வரிசை வரிசையாக வந்து எங்கள் காலரைப் பிரித்துப் பார்ப்பார். அவ்வளவுதான் அந்த மூளை. ஆலைக்குப் பின்னால் குடியிருந்த என் தோழி ஸ்டெல்லாதான் தினமும் மாட்டுவாள்.

"இன்னாடி, உங்க ஊட்ல சோப்பே வாங்க மாட்டாங்களா?"

மொத்த வரிசையும் கெக்கெக்கே என்று சிரிக்கும். டீச்சரின் ஜாக்கெட் கழுத்தும் கறுத்துத்தான் இருக்கும்.

அந்த வருடங்களைத்தான் இப்போது காமிக்ஸாக வரைகிறேன். இன்றைய பக்கத்தில் டீச்சருக்கு ஆந்தை முழி வைத்தேன். சிரிக்கிறவர்களுக்கெல்லாம் கழுதைப் பல். ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில், உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணில் கோபத்தோடு நான்.

பெருமையாகப் படம் பிடித்து, புதுவாயலில் இருக்கும் ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். உடனே போனில் கூப்பிட்டாள்.

"டீச்சரு அப்டியே கீறாங்க. ஆனா உன் வாய மட்டும் ஏன்டி மூடி வரைஞ்சி வெச்சிக்கிற? எப்பவும் நீதானடி மொதல்ல சிரிப்ப?"