கொழும்புக் கப்பல் நின்றபோது

போர்ட் மெல்பர்ன் நிலையத்தில் ரயில் கதவு திறந்ததும் தாரும் உப்பும் கலந்த வாடை முகத்தில் வந்து மோதும். தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடும், அதற்கப்பால் கப்பல்துறை. மற்றவர்களுக்கு அது நகர ரயில், அம்மாவுக்கு மட்டும், ரயிலைக் கோச்சி என்னும் ஊர் வழக்கில், “கொழும்புக் கோச்சி”. அதில் வந்திறங்கிக் கப்பல் ஏறினால் நேரே கொழும்பில் இறங்கலாம் என்பது, எங்களைத் தவிர வேறு தமிழ்க் குடும்பமே இல்லாத தெருவில் வாழ்ந்த அவருக்கு, எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய ஆறுதலாக இருந்தது.

சிறுவயதிலேயே அம்மாவுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. மற்றதும் நலிந்த காதுதான். விமானத்தில் ஏறினால் அதுவும் போகலாம் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். ஆகவே ஊருக்குப் போவதென்றால் கப்பல்தான்.

ஊரில் அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்குக் கலியாணம் நிச்சயமான குளிர்காலத்தில், அப்பா கப்பல் அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்.

“இனி இஞ்சயிருந்து கொழும்புக்குக் கப்பல் இல்லையாம். எல்லாரும் பிளேனிலதான் போகினமாம்.”

அம்மா குசினியில் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். பிறகு, “அப்ப நானும் பிளேனில போறன்,” என்றார்.

“காது?”

“தாயில்லாத பிள்ளை. நான்தானே தூக்கி வளர்த்தனான்? தாலி கட்டேக்க நான் நிக்க வேணும்.”

விமான நிலையத்தில் அவர் குனிந்து, கேட்கும் காதை என் வாயருகே கொண்டுவந்தார். “கெதியா வாங்கோ அம்மா,” என்று அவசரப்படுத்தினேன்.

போகும்போது வலி மட்டுந்தான். திரும்பி வருகையில், விமானம் மெல்பர்னில் இறங்கும் நேரம் அந்தக் காதும் அடைத்தது, பிறகு திறக்கவேயில்லை. நான் ஓடிப்போய் ஏதேதோ கேட்டேன். அவர் என் உதடுகளையே பார்த்தார். “கெட்டிமேளம் வடிவாக் கேட்டது, பிள்ளை,” என்று, அங்கிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.

அதன்பின் எங்கள் வீட்டில் பேச்சுக் குறைந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறப்பேன். அம்மா முதுகைத் திருப்பியபடி சமைத்துக்கொண்டிருப்பார். அவர் தோளை நான் தொடும்வரை அந்த வீட்டில் நான் இல்லை.

இன்று அந்த ரயில் இல்லை. அந்தத் தடத்தில் டிராம் ஓடுகிறது. துறைக்கு உல்லாசக் கப்பல்கள் வருகின்றன, ஆட்களைச் சுற்றிக்காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுகின்றன. அம்மாவும் போய்விட்டார். எனக்கு அப்படியே அக்காவின் குரல் என்று சின்னம்மா தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அழுவார். அம்மாவுக்கு அது தெரியாது. அவர் கேட்டிருந்தது என் ஏழு வயதுக் குரலை மட்டுந்தான்.