நெஞ்சு ஆயித்து

என் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. மைசூரில் இசிஜி எடுக்கும் இடங்களில் பாதியிலாவது படுத்துப் பார்த்துவிட்டேன், எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அந்தக் கோளாறில்லாத இதயம்தான் பல் தேய்க்கும்போதும், கடையில் மீதிச் சில்லறைக்காக நிற்கும்போதும் திடீரென்று அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். விரல் நுனிகள் மரத்துப்போகும். தொண்டையில் சோற்று உருண்டை நின்றுகொண்ட மாதிரி இருக்கும். இதோ போகப்போகிறேன் என்று தோன்றும். ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்கு ஓடுவேன். "நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்று கேட்டு வெட்கப்பட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசியில் ஒரு மனநல மருத்துவர்தான் அதற்குப் பதற்றம் என்று பெயர் சொன்னார். "படபடப்பு நிஜம், ஆபத்துதான் நிஜமில்லை" என்றார். தினமும் காலையில் ஒரு மாத்திரை. ஆரம்ப வாரங்களில் நடுக்கம் கொஞ்சம் கூடலாம், பயந்து நிறுத்திவிடக் கூடாது. படபடப்பு வந்தால் ஓடாமல் உட்கார வேண்டும், பாதத்தைத் தரையில் அழுத்த வேண்டும், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்க வேண்டும். போன வருடம் கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நானாகவே நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் ஆட்டோக்காரர்களுக்கே என் முகம் பழகிப்போயிற்று. மறுபடி தொடங்கியபோது ஒன்றே ஒன்றுதான் வேண்டுமென்று நினைத்தேன். இந்த முறை மருந்து நிற்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்து சேர்ந்தார். என் கணவரின் அம்மா, கோபிச்செட்டிபாளையத்துக்காரர், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். பாசக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாத்திரைகளைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்து உண்டு. சொந்தத்தில் ஒரு பெண் மனசுக்கு மருந்து சாப்பிட்டதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அந்தக் கருமத்தத் தின்னா புத்தி மழுங்கிப் போயிரும். நல்லாத் தின்னு போட்டு நாலு வேலை செஞ்சா எல்லாஞ் சரியாயிரும்" என்றார். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அம்மா சொன்னதை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அத்தைக்குத் தெரிந்தால் மருந்து நின்றுவிடும், அவ்வளவுதான். ஆகவே அது சத்து மாத்திரை என்று சொல்லிவைத்தேன்.

அத்தையின் கன்னடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆயிற்று என்பதைக் கன்னடத்தில் "ஆயித்து" என்பார்கள். தமிழ்ச் சொல்லின் வாலில் "ஆயித்து" என்று ஒட்டினால் அது கன்னடமாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. பால் தீர்ந்துபோனால் "பாலு ஆயித்து". கால் வலித்தால் "காலு ஆயித்து". மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்தில் இருக்கும் கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்கள். அதனால் அவருக்குத் தைரியம் கூடிப்போயிற்று.

அன்று காலையில் கணவர் வேலைக்குப் போன பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். காப்பி எனக்கு ஆகாது, படபடப்பைக் கிளப்பிவிடும். ஆனால் அத்தை டிகாஷனை இறக்கி, கள்ளிச்சொட்டுப் போலக் கலந்து கையில் கொடுக்கும்போது எப்படி வேண்டாம் என்பது? குடித்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போது விரல்கள் மரத்தன. கத்தியை வைத்துவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தேன். பாதத்தை அழுத்தினேன். மூச்சை நீளமாக விட்டேன். இதயம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"என்ன சாமி, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்று அத்தை ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்லீங்கத்தை, செத்த நேரத்துல சரியாயிரும். நெஞ்சு அடிக்குது, அவ்வளவுதான்."

நெஞ்சு என்ற சொல்லை நான் வாயில் எடுத்திருக்கக் கூடாது. "வாய்வுதான், சரியாயிரும்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே படுத்த என் மாமனார் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அத்தையின் முகம் மாறிவிட்டது. அலமாரியைப் பார்த்தார், என் மாத்திரை அட்டையைப் பார்த்தார். "இதத் தின்னதுக்கப்பறந்தான் இப்படி ஆச்சு" என்று அதைப் பிடுங்கி முந்தானையில் சுருட்டிக்கொண்டார். என்னை எழுப்பி, சந்து முனைக்கு இழுத்துப் போய், ஆட்டோவில் தள்ளினார். ஓடக் கூடாது என்று அத்தனை நாள் பழகியதெல்லாம் போயிற்று. ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்தது. நான் கண்ணை மூடி மூச்சு விடப் பார்ப்பேன், அவர் தோளைப் பிடித்து உலுக்குவார். "கண்ண மூடாத சாமி! பேசு! என்னமாச்சும் பேசிக்கிட்டே இரு!" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பக்கத்திலிருந்த நர்சிங் ஹோம் வாசலில் ஒரு நர்ஸ் "ஏனாயித்தம்மா?" என்று கேட்டார்.

அத்தை தனக்குத் தெரிந்த கன்னடம் அத்தனையையும் திரட்டிக் கத்தினார். "நெஞ்சு ஆயித்து! நெஞ்சு! மாத்ரெ, மாத்ரெ!" பெரும்பாலும் காலியாகியிருந்த அட்டையை நர்ஸின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

கன்னடத்தில் நெஞ்சுக்கு "எதெ" என்பார்கள். நெஞ்சு என்றால் யாருக்கும் புரியாது. ஆனால் நஞ்சு என்றால் அங்கேயும் நஞ்சுதான்.

"நஞ்சா?" நர்ஸ் அட்டையைப் பார்த்தார், நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். அடுத்த நிமிடம் நான் கட்டிலில் இருந்தேன். ஒருவர் வயிற்றைக் கழுவ வேண்டும் என்றார், இன்னொருவர் போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஒரு குழாயை எடுத்து வந்தார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, தாடை ஆடியதே தவிரக் குரல் வரவில்லை. இத்தனை நாள் இல்லாத ஆபத்து இப்போது குழாய் வடிவத்தில் நிஜமாகவே வந்து நின்றது.

அங்கே வேலை செய்யும் ஓர் அம்மாளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உங்க மருமக எதுக்கும்மா விஷம் குடிச்சாங்க? வீட்ல எதுனா பிரச்சனையா?"

அத்தை என்னைப் பார்த்தார். அவர் வீட்டுக்கு வந்த பெண் அவரோடு இருக்கும்போதே விஷம் குடித்திருக்கிறாள் என்று அவர் நம்பிவிட்டது தெரிந்தது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"எதெ!" என்று கத்தினேன். எங்கிருந்து குரல் வந்ததோ. "நஞ்சல்ல, எதெ! தமிழ்ல நெஞ்சு அந்த்ரே எதெ!"

குழாய் நின்றது. சத்து மாத்திரைக் கதையை அத்தோடு காப்பாற்றியிருக்கலாம். கன்னடத்திலேயே மிச்சத்தையும் சொல்லியிருந்தால் அத்தைக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் அவர் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். தமிழில் சொன்னேன்.

"நான் விஷம் குடிக்கலீங்கத்தை. அது பதட்டத்துக்கு மாத்திரை. மனசு டாக்டர் குடுத்தது. தெனமும் சாப்பிடறேன். உங்ககிட்டச் சொன்னா நிறுத்திருவீங்கன்னு பயந்துக்கிட்டுச் சொல்லலை."

அதற்கப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். இசிஜி எடுத்தார்கள். நார்மல்.

வெளியே வந்தபோது அத்தை சிரிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உதடு வெளிறி, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கையைப் பிடித்தேன், சில்லென்றிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் பிரஷர் பார்த்து, அத்தைக்கும் இசிஜி எடுக்கச் சொல்லி, எல்லாம் பார்த்த பிறகு "காபரி அஷ்டே" என்றார். பயம்தான், வேறொன்றுமில்லை.

"ஒண்ணுமில்லையாமுங்கத்தை" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணுமில்லைங்கறாங்க" என்றார். "உசுரு போற மாதிரி இருக்குது சாமி. கையிக் காலெல்லாம் மரத்துக் கெடக்குது."

"தெரியுமுங்க."

கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும் சேர்ந்து மூச்சு விட்டோம். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு வர்றது இதானா?"

"ஆமாங்கத்தை."

"தெனமுமா?"

தலையாட்டினேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிப்போன அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

"இதுல ரெண்டுதான் கெடக்குது" என்றார். "எந்திரி, போற வழியில வாங்கிட்டுப் போயிரலாம்."