அக்கா லைனை நிறுத்திய மத்தியானம்

என் வண்டிச் சாவியோடு ஒரு பிளாஸ்டிக் டோக்கன் தொங்குகிறது. நீல நிறம், பிஸ்கட் அளவு, நடுவில் ஓர் எண். பார்க்கிறவர்கள், ஏதோ கோயிலில் செருப்பு விட்ட டோக்கனைச் சுட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள். என் முகத்துக்கு அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இது ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் டோக்கன். உற்பத்திப் பகுதிக்குள் போகிறவர்கள் கேட்டில் செல்போனைப் பெட்டியில் வைத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்து இதைக் கொடுத்தால்தான் போன் கிடைக்கும். அதுவரை வெளியே உலகமே தலைகீழானாலும் லைனில் நிற்பவருக்குத் தெரியாது. இந்த டோக்கன் அக்காவுடையது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த எனக்குப் பிள்ளைப்பாக்கத்தில் மாடி அறையை வாடகைக்குக் கொடுத்தவர். அதே தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு லைனுக்கு லீடர். நான் ஸ்டோர்ஸ். லாரிக்காரர்கள் கூப்பிடுவார்கள் என்பதால் எங்களுக்கு மட்டும் போன் வைத்துக்கொள்ள அனுமதி. ஆனால் லைனுக்குள் பொருள் கொண்டுபோகும்போது மேஜையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அப்படிப் போகும்போதெல்லாம் வெறுங்கையோடு போக மாட்டேன், ஒரு புளுகோடுதான் போவேன். கேன்டீனில் இன்று பிரியாணி என்பேன். ஒரு தடவை, "அக்கா, கேட்டுல ஒங்க வூட்டுக்காரரு வந்து நிக்காரு" என்றேன். டீ இடைவேளை முழுவதையும் கேட்டுக்கு நடந்தே தீர்த்துவிட்டுத் திரும்பிய அக்கா, "இனிமே நீ செத்துட்டன்னு சொன்னாக்கூட நான் பொணத்தப் பாத்துட்டுதான்டா அழுவேன்" என்றார்.

அவர் மகள் அப்போது அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் முட்டி மோதும் ஒரு பெரிய அறிவியல் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். வீட்டிலேயே நான்தான் டிப்ளமோ படித்தவன், அதுவும் அரியர்களோடு குடும்பம் நடத்திப் படித்தவன் என்பதால், "கெடைக்குமாடா?" என்று என்னிடம் கேட்டார் அக்கா. மதிப்பெண்ணைப் போட்டால் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் இணையதளம் ஒன்று இருந்தது. மகளின் மதிப்பெண்ணைப் போட்டேன். சிவப்பு எழுத்தில் 'மிகக் குறைவு' என்று வந்தது. ஒரு ஆசைக்கு என்னுடைய பழைய மதிப்பெண்ணையும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் உள்ளிட்டிருக்கிறீர்களா என்று அது கேட்டது.

"அக்கா, மழை நாள்ல நம்ம தெருவுல கரண்ட்டு போகாம இருக்க சான்ஸ் இதவிட ஜாஸ்தி" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. "கம்மின்னுதான போட்டுகீது. இல்லன்னு போடலியே" என்றார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒவ்வொரு சுற்றாக இடங்கள் நிரம்பின. அவள் பெயர் வரவில்லை. பார்ப்பதையே விட்டுவிட்டாள். அக்கா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் விசாரித்துவிட்டு வந்தார்.

அந்த மத்தியானம் ஸ்டோர்ஸில் பெட்டிகளை எண்ணுகிற பாவனையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள். மூச்சுதான் முதலில் வந்தது. "மாமா, கடைசி ரவுண்டுல சீட்டு கெடச்சிருக்கு. காலைலயே போட்ருக்காங்க, நான் இப்பதான் பாத்தேன். அஞ்சு மணிக்குள்ள ஓகே குடுக்கணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போய்டும். ஓ.டி.பி. அம்மா நம்பருக்குப் போவுது மாமா."

அப்பா மாதத்துக்கொரு சிம் மாற்றுகிறவர் என்பதால், யோசித்து, பொறுப்பாக, அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள். நாள் முழுக்கப் பெட்டிக்குள் அணைந்து கிடக்கும் போனின் எண்ணை. சுவர்க் கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது. தொப்பியையும் அங்கியையும் மாட்டிக்கொண்டு லைனுக்குள் போனேன். போன் மேஜையில். என்னிடம் சாட்சி என்று எதுவும் இல்லை, என் வாயைத் தவிர. அந்த வாயின் லட்சணம் அந்தத் தளத்துக்கே தெரியும்.

"அக்கா, பிள்ளைக்கு அந்தக் காலேசுல எடம் கெடச்சிருச்சு. ஒங்க போனு வேணும், அஞ்சு மணிக்குள்ள."

அக்கா போர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து பிரியாணி, இன்னிக்கு சீட்டா? போடா, போய் ட்ரேவ எட்தாந்து வை." பக்கத்தில் நின்ற பெண்கள் முகக்கவசத்துக்குள் சிரித்தார்கள். சத்தியம் செய்தேன். சத்தியத்துக்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அன்றுதான் ஒரு முழு உண்மையைக் கொண்டு வந்திருந்தேன். அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். வார்த்தை வராமல் நான் நிற்பது அந்தத் தளத்தில் அதுவே முதல் முறை. அக்கா நிமிர்ந்தார். என் கையைப் பார்த்தார். நான் பிடித்திருந்த ட்ரே கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாடா, மெய்யாலுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் லைனுக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடும். பொருளில் கோளாறு கண்டால் யார் வேண்டுமானாலும் இழுத்து லைனை நிறுத்தலாம் என்பது சட்டம். இழுத்தால் சூப்பர்வைசர் முகம் போகிற போக்கைப் பார்த்து யாரும் இழுக்க மாட்டார்கள் என்பது வழக்கம். தன் லைன் நின்றதில்லை என்று பெருமை பேசும் அக்கா, எட்டி அந்தக் கயிற்றை இழுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. குழந்தைப் பொம்மையில் வருவதுபோல ஒரு மெட்டு ஒலித்தது. எல்லாம் நின்றது. சூப்பர்வைசர் பதறிக்கொண்டு வந்து, "என்ன கோளாறு?" என்றார்.

"ஒரு கோளாறும் இல்ல சார். எம் பொண்ணுக்கு சீட்டு கெடச்சிகீதாம். போன எட்துக்கினு வந்துர்றேன்."

அவர் அக்காவையும் சிவப்பு விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, கையுறையை மாட்டிக்கொண்டு அக்கா நின்ற இடத்தில் போய் நின்றார்.

நாங்கள் ஓடினோம் என்று எழுத ஆசைதான். ஆனால் தொழிற்சாலைக்குள் ஓடக் கூடாது. அத்தனை தூரமும் அக்கா, நடப்பவர்களுக்கென்று தரையில் போட்டிருந்த பச்சைக் கோட்டுப் பாதைக்குள்ளேயே நடந்தார். வண்டி குறுக்கிடும் இடங்களில் நின்று, விதிப்படி விரலை நீட்டி வலம் பார்த்து இடம் பார்த்து, பிறகு கடந்தார். "வாங்கக்கா, ஒரு வண்டியும் வரல" என்று நான் அழாத குறை. "இங்க வுழுந்து கால ஒட்ச்சிக்கினா ஓ.டி.பி.ய யார்ரா படிப்பா?" என்றார்.

கேட்டில் விஷயத்தைக் கேட்ட காவலாளி திகைத்துப்போய்ப் போனையும் கொடுத்து டோக்கனையும் திருப்பிக் கொடுத்தார். போன் உயிர் பெற்று வரும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். காலாவதியான ஓ.டி.பி.கள் வரிசையாக வந்து விழுந்தன. மகளைக் கூப்பிட்டோம், அவள் புதிதாக ஒன்று வரவழைத்தாள். அக்கா அதை லைனில் வரிசை எண் படிக்கிற மாதிரியே, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சொல்லிப் படித்தார். மறுமுனையில் எண்களைத் தட்டும் சத்தம். அப்புறம் "ஆய்டுச்சும்மா" என்று கேட்டது. அக்கா போனையும் டோக்கனையும் என் கையில் திணித்து, "அழுவுறா, பேசிக்கினு இரு. லைன் நிக்குது" என்று பச்சைக் கோட்டில் திரும்பி நடந்தார். டோக்கன் என் சட்டைப்பையில் தங்கிவிட்டது. பிறகு அவருக்கு வேறு எண்ணில் ஒரு டோக்கன் கொடுத்தார்கள்.

கல்லூரியில் பெற்றோர் எண் கேட்டபோது மகள் என் எண்ணைக் கொடுத்துவிட்டாள். எப்போதும் ஆனில் இருப்பது மாமாவின் போன்தானாம். கல்யாணமே ஆகாத எனக்கு 'அன்புள்ள பெற்றோரே' என்று செய்தி வருகிறது. விடுதி அடைப்பு, வருகைப் பதிவு, தேர்வு முடிவு எல்லாவற்றையும் நான்தான் லைனுக்குக் கொண்டுபோகிறேன். அதற்கு அக்கா ஒரு ஏற்பாடு செய்தார். ஸ்டோர்ஸுக்கும் லைனுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் ஒன்று உண்டு. அதில் டோக்கனைக் காட்டிவிட்டுச் சொன்னால் உண்மை. டோக்கன் இல்லாமல் நான் எது சொன்னாலும் பிரியாணி.

போன வாரம் மகள் கூப்பிட்டாள். மேல்படிப்புக்கு அதைவிடப் பெரிய இடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. அவள் விண்ணப்பித்த அன்றே நான் திருட்டுத்தனமாக அந்த இணையதளத்தில் போட்டுப் பார்த்திருந்தேன். இந்த முறையும் 'மிகக் குறைவு' என்றுதான் சொல்லியிருந்தது. கண்ணாடிக்கு ஓடி, இல்லை, பச்சைக் கோட்டுக்குள் நடந்து, டோக்கனைத் தூக்கிக் காட்டி, 'சீட்டு' என்று வாயசைத்தேன். அக்கா பார்த்தார். அன்று போலவே கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, ஐந்து விரலையும் விரித்து 'அஞ்சு மணிக்குள்ளயா?' என்று சைகையில் கேட்டார். இல்லை, நிறைய நாள் இருக்கிறது என்று தலையாட்டினேன். சரி என்பதுபோல ஒரு தலையசைப்பு. அடுத்த போர்டைக் கையில் எடுத்தார். மஞ்சள் கயிறு அசையாமல் தொங்கியது. கண்ணாடியில் டோக்கன்தான் டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது, என் கை நிற்கும்வரை.