தின்றார்களா, அழுதார்களா

கோழிக்கறியைத் தின்று முடித்ததும் லீலாபாய் எலும்புகளைத் தட்டின் விளிம்பில் வகைபிரித்து வைப்பார். கடித்தது ஒரு பக்கம், உடைத்தது ஒரு பக்கம். தனுவச்சபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில், பக்கத்தில் இருந்த பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு எலும்பு காட்டினாப் போதும், செத்தவன ஆளுவ தின்னாவளா, அழுதாவளான்னு சொல்லிருவேன்" என்றார் லீலாபாய்.

அந்தப் பெண்ணின் கை பாதியில் நின்றது.

"கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன் மக்கா. நீ தின்னு."

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பழங்கால எலும்புகளைப் பார்ப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிடுகிறார்கள். சொந்த ஊரான கொல்லயிலில் ஆட்டோ பிடித்து, பாறசாலையில் ரயிலேறிப் போகிறார். டிபன் டப்பாவில் மண்டையோடு கொண்டுபோகிறார் என்று ரயிலில் ஒரு பேச்சு உண்டு. பரப்பியது அவரேதான். பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தால் காலை நீட்டிக்கொள்ளலாம். முட்டி இப்போது சரியாக மடங்குவதில்லை.

கொஞ்ச நாளாக அவர் மேசையில் கிடப்பவை ஒரு குன்றின் சரிவில் அகப்பட்ட மனித எலும்புகள். எழுத்தே பிறக்காத காலத்தில் செத்தவர்கள். மூட்டுகளில் கல்கத்தி வெட்டிய கோடுகள் தெரிகின்றன. தோண்டிய குழுவின் தலைவர் அகிலேஷுக்கு, அந்தக் கால மனிதர்கள் தங்களில் செத்தவர்களைத் தின்றார்கள் என்று லீலாபாய் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டிவிக்காரர்கள் காத்திருக்கிறார்களாம். தினமும் காலையில் ஃபோன்.

"மேடம், தின்னதுதானே?"

"வெட்டு உண்டு மக்கா. வாய் உண்டான்னுதான் தெரியல்ல."

மஜ்ஜைக்காக உடைத்த தடம் இல்லை. பல் பதியவில்லை. பானையில் வெந்தால் எலும்பு முனை மழுங்கிப் பளபளக்கும், அதுவும் இல்லை. சதையை அகற்றி, சுத்தம் செய்து புதைக்கிற வழக்கம் எத்தனையோ ஊர்களில் இருந்திருக்கிறது. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படுத்தால் என்ன என்று போன வாரம் பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார். எழுதிவிட்டால், பதில் சொல்ல ஆளில்லாத அந்தக் கூட்டம் என்றைக்கும் பெற்றவளைத் தின்ற கூட்டம்தான். மறுபடி மூடினார்.

சனிக்கிழமை, சபையின் கல்லறைத் தோட்டத்தில் பழைய குழிகளைத் திறந்தார்கள். கான்கிரீட் அறைகள் கட்டப்போகிறார்கள். அவரவர் வீட்டு எலும்பை அவரவர் பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும். லீலாபாயும் அக்கா சரோஜமும் அம்மாவை எடுக்கப் போனார்கள். அயனி மரத்தின் வேர் அம்மாவை இறுகப் பிடித்திருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிச்சாத்திக் கத்தியால் லீலாபாய் வேரைச் சுரண்டினார். தோள் எலும்பில் பக்கம்பக்கமாகக் கோடுகள் விழுந்தன. நிறம்தான் வேறு, புதுசு, வெள்ளை. மற்றபடி மேசையில் கிடக்கும் எலும்புகளில் உள்ள அதே கோடுகள்தான்.

ஃபோன் அடித்தது.

"மேடம், இன்னைக்காவது..."

"எழுதிக்கோ. சதைய எடுத்திருக்கு. தின்னதுக்குத் தெளிவு இல்ல. அப்பிடி எழுதினா கையெழுத்துப் போடுவேன்."

"டிவிக்காரங்ககிட்ட நான் என்ன சொல்ல?"

"இங்க வரச்சொல்லு. எனக்க அம்மைக்க தோளுல பிச்சாத்தி வச்சிட்டு இருக்கேன். நான் தின்னேன்னு போடட்டு."

ஃபோனைப் பைக்குள் போட்டார். சரோஜம் குடைக்குக் கீழே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். லீலாபாய் தொடை எலும்பை எடுத்து உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு லேசு பாத்தியாக்கா! வயசானா இப்பிடித்தான், உள்ள எல்லாம் அரிச்சுப் போவும்."

"வயசு இல்லட்டி" என்றார் சரோஜம், கண்ணைத் திறக்காமலே. "சின்னதுல அவளுக்க பங்கு மரச்சீனிக் கிழங்கையும் நாமளாக்கும் தின்னது."

லீலாபாய் பிச்சாத்தியைக் கீழே வைத்தார். மிச்ச வேரை நகத்தால் உரிக்கத் தொடங்கினார்.